சொந்தக் காற்று

1993 நவம்பர் பதினான்காம் தேதி பகல் இரண்டு மணிக்கு, பன்வேல் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்ற புனே பஸ்ஸுக்குள், பத்ரிநாத் என்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வீசத் தொடங்கியது. பஸ் இன்னும் கிளம்பவில்லை. வெளியே நின்ற வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காற்று முன் இருக்கைக்காரரின் வெள்ளைத் தொப்பியைத் தூக்கி, கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட்டுகளைக் கலைத்து, டிரைவரின் ஜன்னல் வழியாக வெளியே போனது. பின்னால் யார் ஜன்னலைத் திறந்தது என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பத்ரிநாத் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வெறும் தகரம்தான் இருந்தது. அன்று தொடங்கிய காற்று ஒன்பது வருடம் ஒன்பது மாதம் நிற்கவில்லை.

பத்ரிநாத் திருவையாற்றுப் பக்கத்துக்காரர். தாபோடியில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு படகுக் கிளப்புக்காக, மூன்று வருடம் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், இரண்டு தச்சர்களை வைத்துக்கொண்டு முப்பத்தாறடிப் பாய்மரப் படகு ஒன்றை வரைந்து கட்டிக் கொடுத்தார். அது மஸ்கட்டுக்குக் கடல் கடந்து போவதற்கான படகு. போகிறவர்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் நீங்கள்தான் என்று கிளப்பின் தலைவர் தம் வாயால் மூன்று முறை சொல்லியிருந்தார். அதை நம்பி பத்ரிநாத் நட்சத்திரம் பார்த்துத் திசை அறியப் படித்தார், நீச்சல் கற்றுக்கொண்டார், வெற்றிலை போடுவதை விட்டார். அந்த நவம்பர் பதினான்காம் தேதி காலை, மும்பைத் துறையில் படகு புறப்படும் நேரத்தில், பையுடன் அவர் நின்றுகொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் ஆறாவது பெயராகத் தலைவரின் மாப்பிள்ளை பெயரை வாசித்தார்கள். மாப்பிள்ளை அதற்கு முன் படகில் கால் வைத்தவரில்லை. பயணம் போவதாகப் படம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை, அவ்வளவுதான். "அடுத்த தடவை பார்க்கலாம், பத்ரி. கரையில் நிற்கவும் ஒருவர் வேண்டுமே" என்றார் தலைவர். பிறகு ஒரு சாமந்தி மாலையை பத்ரிநாத் கையில் கொடுத்துப் படகின் முகப்பில் போடச் சொன்னார்கள். அவர் போட்டார். பாய்மரத்தின் அடியில் தன் பெயரைச் சின்னதாகச் செதுக்கியிருந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பதை, மாலை போடக் குனிந்தபோது பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் காற்று வந்திருக்காது என்று ரங்கராஜன் வாத்தியார் பின்னாளில் சொன்னார். புனேத் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களுக்குத் தர்ப்பணமும் கல்யாணமும் நடத்தி வைக்கிறவர் அவர்.

காற்றின் குணம் சீக்கிரமே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. பத்ரிநாத் எந்தப் பக்கம் முகம் திருப்பினாலும் அது அவர் முதுகிலிருந்து கிளம்பி, அவர் பார்க்கும் பக்கமாகப் போகும். அவருக்குத் தலைமுடிகூடக் கலையாது. எதிரில் இருப்பவருக்குத்தான் முகத்தில் அடிக்கும். சாதாரண நாட்களில் துணி காயும் அளவுக்கு இருக்கும். 1994இல், மஸ்கட் போய்த் திரும்பியவர்களுக்குப் பாராட்டுக் கூட்டம் என்று பத்திரிகையில் படம் வந்த அன்று, பத்ரிநாத் குடியிருந்த சங்கம் தர்ஷன் சொசைட்டியின் சைக்கிள் கொட்டகைக் கூரை பிய்ந்து, முளா நதியைத் தாண்டி போபோடியில் ஒரு பால்காரர் வீட்டு முற்றத்தில் இறங்கியது. சிம்லா ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் கிண்ணங்கள் சுழலும் கருவியுடன் வந்து, பத்ரிநாத்துக்கு எதிரே அரை மணி நேரம் பிடித்துப் பார்த்து, மிதமான காற்று என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

சொசைட்டிக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. முதலில் புகார் எழுதினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மே மாதத்தில் பெண்கள் அப்பளமும் குருடை என்கிற கோதுமை வடாமும் மொட்டைமாடியில் பரப்பிவிட்டு, "பத்ரி காக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்தபடி பேப்பர் படியுங்கள்" என்று கேட்பார்கள். காக்கா என்றால் அந்த ஊரில் சித்தப்பா. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வார். பல்லைக் கடித்த அளவுக்கு அப்பளம் சீக்கிரம் காயும். சங்கராந்திக்குப் பட்டம் விடும் பிள்ளைகள் அவர் பால்கனிக்குக் கீழே கூடுவார்கள். மின்சாரம் போகும் கோடை மதியங்களில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை அவர் எதிரில் தூளி கட்டிப் போடுவார்கள். ஒரு மனிதரின் கோபத்தில் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்குவதை ஆண்டவன் அனுமதித்திருக்கிறான் என்றால், அதில் ஏதோ கருணை இருக்கத்தான் வேண்டும்.

கருணை எட்டாத இடம் பி பிளாக் இரண்டாம் மாடி வீடுதான். அங்கே பத்ரிநாத்துக்கு எதிரில் அதிகம் இருந்தவர் அவர் மனைவி சாவித்ரி. கேஸ் அடுப்பை மூன்று பக்கம் தகரம் வைத்து மறைத்தார். சுவாமி விளக்கைப் பீரோவுக்குள் ஏற்றினார். வீடு முழுக்கக் கிளிப்பும் கூழாங்கல்லும் பேப்பர் வெயிட்டும். சாப்பிடும்போது எதிரெதிரே உட்காரும் பழக்கம் அவர்களுக்கு. அதனால் ஒன்பது வருடம் சாவித்ரி சூடாகச் சாதம் சாப்பிடவில்லை. "அம்மா, அப்பா கோ போலோ நா, அந்தப் பக்கம் பார்த்து உட்காரட்டும். என் நோட்ஸ் சப் உட் கயா" என்று அவர்கள் மகள் ஸ்ரீரஞ்சனி, பறந்த காகிதங்களைப் பொறுக்கியபடி, தனக்கு வரும் இந்தி கலந்த தமிழில் கத்துவாள். 1995 நவராத்திரியில் ஒன்பது படி கொலு வைத்தார் சாவித்ரி. அன்று மாலை பத்ரிநாத் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, மேல்படியிலிருந்து கீழ்படி வரை பொம்மைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. சாவித்ரியின் அம்மா கொடுத்த மரப்பாச்சிக்குக் கை ஒடிந்தது. சாவித்ரி பெருக்கி எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு கொலு வைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஸ்ரீரஞ்சனியின் கல்யாணத்தில், அப்பா மடியில் பெண்ணை உட்கார்த்தித் தாரை வார்த்தால் மாப்பிள்ளையின் தலைப்பாகையும் ஹோமத்து நெருப்பும் என்ன ஆகும் என்று பிள்ளை வீட்டார் பயந்தார்கள். பெண் மாமா மடியில் உட்கார்ந்தாள். பத்ரிநாத்தைச் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சாவித்ரி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சாவித்ரி ஒன்றும் சொல்லாததை எல்லோரும் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஆவணி அவிட்டத்துக்கும் ரங்கராஜன் வாத்தியார் ஆள் அனுப்புவார். பூணூல் மாற்றிக்கொள்வதற்கு முன் நூற்றெட்டு முறை செய்ய வேண்டிய ஜபம் ஒன்று உண்டு. நான் செய்த தவறுகளை ஆசை செய்தது, கோபம் செய்தது என்று அதற்குப் பொருள். வருடம் முழுக்க மனிதன் சுமந்ததை இறக்கி வைக்க ஒரு நாள். பத்ரிநாத் பூணூலை மட்டும் வீட்டில் மாற்றிக்கொண்டு ஜபத்தை விட்டுவிட்டார். "தப்பு செஞ்சது அவா. கோபம் செஞ்சுதுன்னு நான் எதுக்கு நூத்தெட்டு தடவை சொல்லணும்? அவாளை வரச் சொல்லுங்கோ, அவா சொல்லட்டும்" என்றார். இதைச் சொன்னபோது வாத்தியாரின் பஞ்சாங்கம் பக்கம் பக்கமாகப் பிரிந்து பறந்தது. வாத்தியார் அமாவாசை வரைக்கும் பொறுக்கினார். பத்ரிநாத் செய்யாமல் விட்ட ஜபம்தான் காற்றாக அடிக்கிறது என்று புனேத் தமிழர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அது வாயுத் தொந்தரவு என்றார்கள்.

1997இல் ஒரு நாள் பத்ரிநாத்துக்கு, இந்தக் காற்று வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று என்பது விளங்கியது. மற்ற படகுகள் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் இந்தக் கரையை விட்டு மஸ்கட்டுக்கு நேராகப் போக முடியாது. அவரால் முடியும். மேற்கே பார்த்தபடி உட்கார்ந்தால் போதும். சொசைட்டிக்குப் பின்னால் நதிக்கரை மேட்டில் தகரக் கொட்டகை போட்டு, பிளைவுட்டும் ஃபைபரும் கொண்டு இருபத்து நான்கடிப் படகைக் கட்டத் தொடங்கினார். ஆறு வருடம் ஆனது. இந்தத் தடவை உதவிக்குத் தச்சர்களை வைத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் இடம் கேட்கவில்லை. படகில் ஒருவர் படுக்கும் இடம், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒவ்வொரு திருகையும் அந்தத் தலைவரின் பெயரைச் சொல்லித்தான் முறுக்கினார் என்று பக்கத்தில் துணி துவைத்தவர்கள் சொல்கிறார்கள். முதுகுக் காற்று மரத்தூளை உடனுக்குடன் ஊதித் தள்ளியதால் இடம் எப்போதும் சுத்தமாக இருந்தது.

பாய் தைத்தவர் ஆரோக்கியமேரி. பி பிளாக் கீழ்வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த தூத்துக்குடிக்காரர். கணவர் கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மேல்வீட்டுக் கொடியிலிருந்து பறந்து நதிக்கரை முள்ளில் மாட்டும் துணிகளை, 1993 முதல் தினம் சாயங்காலம் போய் எடுத்து வந்து, கிழிசல் இருந்தால் ஒட்டுப் போட்டு, மடித்து, சாவித்ரி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். கதவைத் தட்டமாட்டார். கதவைத் திறந்தால் மறுபடி பறக்கும். லோஹேகாவில் விமானப்படைக்காரர்கள் கழித்துக் கட்டிய பாராசூட் துணி பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. அதை இரட்டைத் தையல் போட்டுப் பெரிய பாயும் சின்னப் பாயும் ஆக்கினார். மிதவைச் சட்டை ஒன்று தைத்துக் கொடுக்கச் சொல்லி பத்ரிநாத் அளவு கொடுத்திருந்தார். தெர்மோகோல் துண்டுகளை உள்ளே வைத்துத் தைத்த சட்டைகளை ஆரோக்கியமேரி ஒரு பையில் போட்டு, வாயைத் தைத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு கேட்டீய அண்ணாச்சி. துணி மிச்சம் இருந்துச்சி, ரெண்டாத் தச்சிட்டேன்."

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"கடல்ல ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு வேணாமா? கொண்டு போங்க, சும்மா பேசிக்கிட்டு. மூஞ்சியில காத்து அடிக்கி."

2003ஆம் ஆண்டு கோடையில் தயாரிப்பு முடிந்தது. நாற்பது நாளுக்குத் தண்ணீர் கேன்கள், அரிசி, பம்ப் ஸ்டவ், மும்பையில் வாங்கிய கடல் வரைபடம், நங்கூரம், கயிறு, கண்ணாடிப் பெட்டிக்குள் திசைகாட்டி. சாவித்ரி புளிக்காய்ச்சலும் நார்த்தங்காயும் பருப்புப் பொடியும் ஒரு ஆளுக்கு நாற்பது நாள் என்று அளந்து செய்து, எண்ணெய் மேலே நிற்கும்படி ஊற்றி அடைத்தார். நீயும் வருகிறாயா என்று பத்ரிநாத் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பதை சாவித்ரி கவனித்தார். துறைமுக அலுவலகத்தில் படிவம் ஒன்று பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. படகின் நீளம், உரிமையாளர் பெயர், எஞ்சின் விவரம். எஞ்சின் என்ற இடத்தில் பத்ரிநாத், சொந்தக் காற்று என்று எழுதினார். அந்த மேஜையில் இருந்த குமாஸ்தா பாஸ்கர், செம்பூரில் வளர்ந்த தமிழர், கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"சார், என்ன சார் இது? அந்தக் கட்டம் காலியா இருந்தாக்கூட நான் பாஸ் பண்ணிடுவேன். சொந்தக் காத்துன்னா மேல இருக்கிறவன் என்னை உதைப்பான்."

பத்ரிநாத் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார். மேஜை மேல் இருந்த பதினேழு ஃபைல்கள் எதிர்ச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. பாஸ்கர் வயிற்றோடு அணைத்துப் பிடித்த ஒரே காகிதம் அந்தப் படிவம். அதிலேயே முத்திரை குத்தி, நகலைக் கொடுத்து, தயவுசெய்து திரும்பி நின்று படியிறங்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த வருடம் ஆவணி அவிட்டம் ஆடி முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. கொங்கண் கரையில் அதே பௌர்ணமிதான் நாரளி பூர்ணிமை. கோலி மீனவர்கள் மழைக்காலம் முழுக்கக் கரையேற்றி வைத்த படகுகளை அலங்கரித்து, கடலுக்குத் தேங்காய் கொடுத்து, மறுபடி மீன் பிடிக்கப் போகும் நாள். அன்று அந்தக் கரையிலுள்ள ரேவ்தண்டாவிலிருந்து புறப்படுவது என்று பத்ரிநாத் முடிவு செய்தார். படகைச் சக்கரவண்டியில் ஏற்றி, டிராக்டர் ஒன்று இழுத்துப் போனது. வழியனுப்பிவிட்டுத் திரும்பி வருவதற்காக சாவித்ரியும் படகிலேயே உட்கார்ந்து வந்தார். காம்ஷேத் தாண்டியதும் டிராக்டர் நின்றது. டிரைவர் பெல்ட் போய்விட்டது என்று சொல்லி, கொக்கியைக் கழற்றிவிட்டு, பெல்ட் வாங்கப் போனவர் வரவேயில்லை. பத்ரிநாத்துக்கு வந்த கோபத்தில் சாலையோரச் சோளக்கொல்லை படுத்துவிட்டது. பாயை ஏற்றினார். படகு பழைய மும்பைச் சாலையில், லாரிகளுக்கு இடது ஓரமாக, தானாகப் போக ஆரம்பித்தது. கண்டாலாவில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி வண்டி எண் கேட்டார். பாயில் எண் பெரிதாகத் தைத்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, தொங்கும் கயிற்றை உள்ளே எடுத்துப் போடச் சொல்லி அனுப்பினார். மலைப்பாதை இறக்கத்தில்தான் சிரமம். பிரேக் கிடையாது. யோசித்தது சாவித்ரிதான். "நீங்க புனேயைப் பார்த்துத் திரும்பி உக்காருங்கோ" என்றார். அவர் பின்னோக்கி உட்கார்ந்ததும் பாய் மறுபக்கம் உப்பி வண்டி நிதானப்பட்டது. சாவித்ரி முன்னால் நின்று, "கொஞ்சம் வலது பக்கம் பாருங்கோ. போதும். இப்ப இடது பக்கம். ரொம்பப் பார்க்காதீங்கோ, பள்ளம்" என்று திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லிக்கொண்டே வந்தார். கோபோலி வரை ஒரு கீறல் இல்லை. படகை ஓட்டுவது எப்படி என்று சாவித்ரி கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ரேவ்தண்டாவில் மறுநாள் காலை, மணல் முழுக்கக் கோலிப் பெண்கள். பச்சையும் மஞ்சளுமாகப் புடவை, தலை நிறையப் பூ, தட்டில் தேங்காயும் விளக்கும். படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பத்ரிநாத் கரையில் நின்று கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்த பக்கமெல்லாம் விளக்குகள் அணைந்தன. பெண்கள் ஏற்றினார்கள், மறுபடி அணைந்தன. யாராவது கத்தப்போகிறார்கள் என்று சாவித்ரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். துளசாபாய் என்ற பெண், சாவித்ரி வயதுதான் இருக்கும், தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக பத்ரிநாத்தின் பின்பக்கம் போனார். ஒன்பது வருடமாக அவர் பின்பக்கம் யாரும் போனதில்லை. எதிரில் நின்று கண்ணை மூடிக்கொண்டவர்களும், ஒதுங்கிப் போனவர்களும், அப்பளம் காயவைத்தவர்களும்தான். சட்டையின் முதுகு நைந்து வலை போல இருந்தது. உள்ளே தோல் சித்திரை மாத வயல் போல வெடித்து, ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. "பாவூ, உங்களுக்கு முதுகு குளிரவில்லையா?" என்று துளசாபாய் மராத்தியில் கேட்டார். அண்ணா என்பதுபோல அந்த ஊரில் பாவூ. பதிலுக்குக் காத்திராமல் தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவர் முதுகில் போர்த்தி, இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிட்டு, தன் விளக்கை மறுபடி ஏற்றப் போய்விட்டார்.

பத்ரிநாத் மணலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சாவித்ரியிடம் பஞ்சபாத்திரத்தைக் கேட்டு வாங்கி, கடலில் இறங்கி முழுகி எழுந்து, ஈரவேட்டியுடன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, விட்டுப்போன ஜபத்தைத் தொடங்கினார். விரல் கணுக்களில் எண்ணினார். முப்பதாவது முறையில் விளக்குகள் நிமிர்ந்து எரிந்தன. எழுபதில் பெண்களின் தலைப்பு அடங்கியது. நூற்றெட்டாவது முறை சொல்லி, பூணூல் மாற்றிக்கொண்டு அவர் எழுந்தபோது காற்று இல்லை. படகில் பாராசூட் துணிப் பாய் நனைந்த துண்டு போலத் தொங்கியது. அவர் முகம் கல்யாணமான புதிதில் இருந்தது போல இருந்தது. அந்த முகத்தோடு சாவித்ரியிடம் வந்தார்.

"ஆத்துக்குப் போயிடலாம், சாவித்ரி. எனக்கு இனிமே கடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கோபம் போயிடுத்து."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரித்ததுதான் தவறு என்று கோலிகள் இன்றும் சொல்கிறார்கள்.

"போயிடுத்தா?" என்றார் சாவித்ரி. "உங்களுக்குப் போயிடுத்தா? ஒம்பது வருஷம் என் மூஞ்சியில அடிச்சுதே, அது எங்க போச்சு? உங்க முதுகு குளிர்றதான்னு கேக்க ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்தா. மகராசி, நன்னா இருக்கட்டும். என் மூஞ்சி எரியறதான்னு நீங்க ஒரு நாள் கேட்டேளா? சாதம் ஆறிப் போச்சு. கொலு போச்சு. என் பொண்ணு எங்க அண்ணா மடியில உக்காந்தா, நீங்க சுவரைப் பார்த்துண்டு இருந்தேள், நான் உங்க ரெண்டு பேரையும் பார்த்துண்டு நின்னேன். அந்தக் கடங்காரன் பண்ணினதுக்கு எங்க கோபத்தையெல்லாம் நீங்க ஒருத்தரே எடுத்துண்டேள். ஜபம் உங்களுக்கு உண்டு. நூத்தெட்டு சொன்னேள், நூலை மாத்திண்டேள், ஆச்சு. எனக்கு எந்த அவிட்டம்? சொல்லுங்கோ, எனக்கு எந்த அவிட்டம்?"

அப்போது சாவித்ரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று கிளம்பியது. பத்ரிநாத்தின் புதுப் பூணூல் தோளுக்கு மேலே கொடி போலப் படபடத்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் தலைமுடி கலைந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், "இப்படித்தான் இருந்துதா?" என்று கேட்டார்.

"இன்னும் அதிகமா இருந்துது. ஏறுங்கோ."

"எங்க?"

"படகுல. ஆறு வருஷம் கட்டினேளே. ஏறுங்கோன்னா!"

ஒரு ஆளுக்கு அளந்த சாமான் என்று பத்ரிநாத் முணுமுணுத்தார். துளசாபாயும் மற்றவர்களும் கடலுக்குக் கொடுக்க வைத்திருந்த தேங்காய்களில் ஒன்றை மட்டும் கடலில் விட்டுவிட்டு, மற்றவற்றைப் படகில் ஏற்றினார்கள். இரண்டு மூட்டை இருந்தது. கடல் கோபித்துக்கொள்ளாது என்று துளசாபாய் சொன்னார். ஆரோக்கியமேரி கொடுத்த பையின் தையலைப் பிரித்தபோது உள்ளே இரண்டு மிதவைச் சட்டைகள் இருந்தன. இரண்டாவது, சாவித்ரியின் ரவிக்கை அளவுக்குச் சரியாகத் தைத்திருந்தது. கழுத்தில் கொஞ்சம் இறக்கம், கையில் இரண்டு அங்குலம் கூடுதல் துணி, அவர் எப்போதும் கேட்பது போல. சாவித்ரி அதைப் போட்டுக்கொண்டு, பட்டன்களைக் கழுத்து வரை மாட்டி, மேற்கே பார்த்து உட்கார்ந்தார். பாய் ஒரே அடியில் உப்பியது. மழைக்காலத்து மேற்குக் காற்று எதிரே இரைந்துகொண்டிருக்க, அதை நேராக மோதிக்கொண்டு படகு கோர்லாய் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் போனதைக் கரையில் இருந்த நாற்பது பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் படகுகளைத் தள்ளினார்கள்.

மூன்றாம் நாள் பகலில், கரையிலிருந்து வெகுதூரத்தில், துளசாபாயின் கணவர் ஓட்டிய மீன்பிடிப் படகு அவர்களைச் சந்தித்தது. சாவித்ரி முன்பக்கம் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். புரியாத பாஷையில் கொலு, கொலு என்று அடிக்கடி வந்ததாக மீனவர்கள் சொன்னார்கள். அப்படியானால் 1995 வரை வந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு வருடம் என்று 1993இலிருந்து வரிசையாகத் திட்டிக்கொண்டு போனார். இந்தக் கணக்கில் 2003 வருவதற்கு இன்னும் எட்டு நாள் ஆகும், அதற்குள் மஸ்கட் கரை தெரிந்துவிடும், காற்று சரியாகப் போதும் என்று, பத்ரிநாத் மராத்தியில் சொன்னதை வைத்து மீனவர்கள் கணித்தார்கள். பத்ரிநாத் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி, ஒவ்வொன்றுக்கும் "ஆமா", "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டவ்வை ஒரு தகர டப்பாவுக்குள் மறைத்து வைத்துச் சாதம் வடித்து, ஒரே தட்டில் போட்டு, மேலே துளசாபாயின் சால்வையைச் சுற்றி மூடி, ஆறுவதற்குள் முன்பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தார். சாவித்ரி சாப்பிடும்போது மட்டும் கொஞ்ச நேரம் படகு மெதுவாகப் போனது. பிறகு பழையபடி வேகம் எடுத்தது. "சாவித்ரி, கொஞ்சம் இடது பக்கம் பாரேன்" என்று அவர் கெஞ்சுவதும், சாவித்ரி தான் நினைத்தபோது பார்ப்பதும் அவர்களுக்குக் கேட்டது. படகு பிரியும் முன் பத்ரிநாத் ஒரு துண்டுக் காகிதத்தை எழுதி, துறைமுக அலுவலகத்தில் சேர்க்கும்படி கொடுத்தனுப்பினார்.

தாபோடியில் அந்த வாரம் சங்கம் தர்ஷன் மொட்டைமாடியில் துணி வெயிலில் காய்ந்தது, கொஞ்சம் தாமதமாக. ஆரோக்கியமேரி பழக்கத்தில் சாயங்காலம் நதிக்கரை வரை போய், முள்ளில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். அது வாசலிலேயே அணையாமல் எரிந்தது. துறைமுக அலுவலகத்தில் பாஸ்கர் துண்டுக் காகிதத்தைப் படித்தார். எஞ்சின் விவரத்தில் சொந்தக் காற்று என்று நான் எழுதியது தவறு, மனைவியின் காற்று என்று திருத்திக்கொள்ளவும், இப்படிக்கு பத்ரிநாத் என்று அதில் இருந்தது. பாஸ்கர் ஃபைலை எடுத்து, பழைய வார்த்தையை அடித்து, புதிய வார்த்தையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஈர மையை வாயால் ஊதி உலர்த்தி, அலமாரியில் வைத்தார்.